வெளியே தாழ்ப்பாள் வைத்த அறை

என் அப்பாவைப் போல ஒரு புத்திசாலியைத் திருப்பூர் பார்த்ததில்லை. இதை அவரே சொல்லுவார், கேட்க ஆளில்லாவிட்டாலும் சொல்லுவார். பொங்கலூர்ப் பக்கத்துப் பருத்திக் காட்டை விற்று, இரண்டு பனியன் மிஷின் வாங்கி, முதலாளியாகிவிடக் கிளம்பியவர். அறுபதுகளில் அப்படிக் கிளம்பியவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். சலவை வேட்டியும் கைக்கடிகாரமும் வந்துவிட்டால் மூளையும் கூடவே வந்துவிடும் என்று அவர்களுக்கு நினைப்பு.

மிஷின் போடவும் குடியிருக்கவும் அவர் பார்த்த வீடு பெரியது, ஆனால் மலிவாக வந்தது. ஏன் மலிவு என்பது அந்தத் தெருவுக்கே தெரியும், அப்பாவுக்கும் தெரியும். அம்மாவுக்குத்தான் தெரியாது. பூக் கேட்காமல் குடிபோக மாட்டேன் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். எங்கள் பக்கத்தில் கல்யாணமானாலும் கிணறு வெட்டுவதானாலும் முருகனிடம் பூக் கேட்டுத்தான் செய்வார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டையும் சாமி முன்னால் வைத்து ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு.

அன்று எடுத்த குழந்தை நான். பதினோரு வயது. கோயில் மதிலுக்குப் பின்னால் நின்று அப்பா இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவையே வைத்துக் கட்டியதைப் பார்த்துவிட்டுத்தான் போய் எடுத்தேன். டவுனில் சினிமாக் கொட்டகைக்குப் பக்கத்தில் குடியிருக்கலாம் என்ற ஆசை எனக்கு. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பாவும் போட்டுக்கொண்டார், வெட்கமில்லாமல்.

குடிபோன வாரமே பக்கத்து வீட்டுக்காரம்மா விஷயத்தைச் சொல்லிவிட்டாள். "ஏனுங்க, அந்தப் பொறத்தால ரூமுல பொழங்கறீங்களா? முன்ன இருந்தவீங்க மருமகளப் பைத்தியம்னு சொல்லி அதுலதானுங்க அடைச்சு வெச்சிருந்தாங்க. செத்தப்பறந்தான் கதவத் தொறந்தாங்க."

அம்மா அந்தப் பின்பக்கத்து அறைக்குப் போய்ப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கதவின் உள்பக்கம் கீழ்ப்பாதி முழுக்க நகக்கீறல், மேலே பூசிய பெயிண்டையும் மீறித் தெரிந்தது. தாழ்ப்பாள் வெளியே மட்டும்தான். அன்றிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வீடு வேண்டாம் என்று அழுதாள்.

அப்பா சிரித்தார். "சாமி உத்தரவு குடுத்த ஊடு இது. சாமி பொய் சொல்லுமா? அப்ப உன்ற புத்தியிலதான் கோளாறு."

அம்மா அதை நம்பினாள். அதுதான் எனக்கு இன்றும் பொறுக்கவில்லை. பூ பொய் சொல்லாது, ஆகவே தனக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று முடிவு கட்டினாள். "எனக்குப் புத்தி பெசகிருச்சா கண்ணு?" என்று என்னிடமே கேட்டாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். "தெரியலீம்மா" என்றேன். அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்தவள் நான்.

ஒருநாள் மிஷின்காரர்கள் முன்னால் அவள் அழுதுவிட்டாள். முதலாளி என்ற அப்பாவின் மானம் போய்விட்டதாம். அவளை அந்த அறையில் தள்ளித் தாழ்ப்பாள் போட்டார். பிறகு அதுவே வாடிக்கையாயிற்று. காலையில் மிஷின் ஓடத் தொடங்கும்போது அடைப்பார், நின்றபின் திறந்துவிடுவார். அந்த இரைச்சலில் கதவைத் தட்டினாலும் கேட்காது. முன்பிருந்தவர்களை ஈவிரக்கமில்லாதவர்கள் என்று தெருவில் வாய் கிழியப் பேசியவரும் இவர்தான்.

ஒன்பதாவது நாள் கோயமுத்தூரிலிருந்து வியாபாரி ஒருவர் வந்திருந்தார். நான் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போயிற்று. மிஷின்கள் நின்றன. பின்னால் கதவு தட்டும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"எலிங்க. நூல் மூட்டைக்கு வருது" என்றார் அப்பா.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. கோபம் இல்லை, அழுகை இல்லை, விருந்தாளியிடம் பேசும் மரியாதையோடு வந்தது. "எலி இல்லீங்க. நான் இந்த ஊட்டுக்காரிங்க."

வியாபாரி கதவைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். ஒரு மடக்குக் காப்பி குடித்தார். பிறகு, "கரண்ட் எப்ப வருமுங்க?" என்றார்.

பெரிய மனிதர்கள் என்றால் இவ்வளவுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். அப்பா கத்தினார். கையை உயர்த்தி இழுத்தேன், ஒரே இழுப்பில் தாழ்ப்பாள் வந்துவிட்டது.

அம்மா வெளிச்சத்தில் கண் கூச நின்றாள். அப்பாவைத் திரும்பியும் பார்க்கவில்லை. கதவின் உச்சியில் இருந்த தாழ்ப்பாளைப் பார்த்தாள், அதன்மேல் இன்னும் இருந்த என் கையைப் பார்த்தாள்.

"உனக்கு எட்டுமா கண்ணு?" என்றாள். "எட்டாதுன்னுதான் இத்தன நாளும் நெனச்சுட்டு இருந்தேன்."