செம்பூரை வடியவைத்த எஞ்சின்

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். செம்பூரில் எங்கள் பழைய கட்டடத்துக்குள் புகுந்த மழைத் தண்ணீரைத் தனி ஆளாக வடியவைத்தவன் நான் என்று போன வாரம் வரை நம்பிக்கொண்டிருந்தேன். தனி ஆள் என்றால், நானும் என் ஆயில் எஞ்சினும். நம்பியதோடு நின்றிருக்கலாம். கல்யாண வீட்டுப் பந்தியில், மாட்டுங்கா காய்கறிக் கடையில், லோக்கல் ரயிலில் எதிரே உட்கார்ந்து தப்பிக்க முடியாமல் போனவர்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறேன். உங்களிடமும் சொல்லியிருப்பேன். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

போன வாரம் போனில் ஒரு செய்தி வந்தது. மதியம் கடலில் பெரிய ஏற்றம், கரைப் பக்கம் போகவேண்டாம் என்று. மழைக்காலத்தில் இந்த ஊரில் இதெல்லாம் பால் பாக்கெட் மாதிரி, தினம் வரும். பதினான்காவது மாடியில் உட்கார்ந்திருப்பவனைக் கடல் என்ன செய்துவிடும்? ஆனாலும் படித்த மாத்திரத்தில் என் வலது கட்டை விரல் தானாக விறைத்துக்கொண்டு நின்றது. லேசாக டீசல் வாசனைகூட வந்தது. வெளியே ஈரச் சிமெண்டைத் தவிர எதுவும் இல்லை.

கட்டை விரல் விறைத்ததற்குக் காரணம் உண்டு. நான் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பிரிவில் வேலை பார்த்தவன். மீசை சரியாக முளைக்காத வயதில் சேர்ந்த நாளிலிருந்து எனக்குப் படிக்கக் கொடுத்ததெல்லாம் விபத்துதான். பாய்லர் வெடித்தது, லிஃப்ட் அறுந்தது, பெல்ட்டில் வேட்டி சிக்கியது. மற்றவர்களுக்கு மாவரைக்கிற கிரைண்டரைப் பார்த்தால் இட்லி ஞாபகம் வரும். எனக்கு ஃபைல் ஞாபகம் வரும். படபடப்பு அதிகமாகி டாக்டரிடம் போனேன். "ஏதாவது ஹாபி வெச்சுக்கோங்க" என்றார். அவர் தபால்தலையை நினைத்துச் சொல்லியிருப்பார், பாவம்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வீடியோ பார்த்தேன். சீமையில் வயதானவர்கள் ஞாயிற்றுக்கிழமை புல்வெளியில் அரதப்பழசான எஞ்சின்களை ஓடவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு டீ குடிக்கிறார்கள். எஞ்சின் எந்த வேலையும் செய்வதில்லை. சும்மா ஓடுகிறது. அவர்களும் சும்மா பார்க்கிறார்கள். அப்படி நிம்மதியான முகங்களை நான் என் ஆபீசில் கண்டதே இல்லை.

தாராவியில் இசக்கிமுத்து என்று ஒருவர், பழைய மெஷின்களைப் பிரித்து விற்கிறவர். திருநெல்வேலிக்காரர், கிட்டத்தட்ட என் வயது. அவர் பட்டறை மூலையில் அது நின்றது. ஒற்றை சிலிண்டர், இரண்டு பக்கமும் வண்டிச் சக்கரம் போல இரும்புச் சக்கரங்கள், மேலே எண்ணெயும் தூசியும் சேர்ந்து ஒரு போர்வை. ஏதோ மாவு மில்லில் இருந்ததாம்.

"ஓடுமா?" என்றேன்.

"ஓடுமாவா? நிறுத்ததுதான் பாடு" என்றார். ஒரு வாரத் தூக்கம் அங்கேயே போயிற்று.

"எதுக்கு சார் இது? செம்பூர்ல வயல் கியல் வச்சிருக்கீங்களோ?"

"சும்மாதான். ஓடவிட்டுப் பார்க்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வீட்ல சொல்லிட்டீங்களா?"

பிறகு கிளப்பிக் காட்டினார். எஞ்சின் தலையில் இருக்கும் லீவரைத் தூக்கிவிட்டு, ஹேண்டிலைச் சுற்றி, சக்கரம் வேகம் பிடித்ததும் லீவரைத் தட்டினால் 'டுப்' என்று பிடித்துக்கொள்ளும். "கட்டவெரல மடக்காதீங்க சார். நாலு வெரலோட சேத்து இந்தப் பக்கமே வையுங்க. இஞ்சின் திருப்பி ஒதச்சிச்சுன்னா, மடக்குன வெரலு ஒங்ககூட வீட்டுக்கு வராது." கூடவே ஒரு பழைய பம்பையும் தலையில் கட்டினார். "இதையும் கொண்டு போயிருங்க, எடத்த அடைக்குது. தண்ணி எறைக்கதா இருந்தா மொதல்ல பம்புக்குள்ள ஒரு வாளி ஊத்தணும். காத்து நின்னா இழுக்காது, பாத்துக்கிடுங்க." நான் தலையாட்டினேன். என் கவனம் முழுக்க விரலில் இருந்தது.

அன்றிலிருந்து எதைப் பிடித்தாலும் கட்டை விரலை விலக்கியே பிடித்தேன். ரயில் கம்பி, குடைக் காம்பு, காபி டம்ளர். "ஏன்னா, டம்ளர் திருப்பி உதைக்குமா?" என்பாள் என் மனைவி.

காம்பவுண்டில் சைக்கிள் ஷெட்டை ஒட்டி, இடுப்பு உயரத்துக்குச் சிமெண்ட் மேடை கட்டி எஞ்சினை ஏற்றினேன். வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்ற பயம். நான் பயந்து செய்ததில் உருப்பட்ட ஒரே காரியம் அதுதான். ஞாயிறு காலையில் அரை மணி நேரம் ஓட்டுவேன், பம்பு இல்லாமல், சும்மா. சக்கரம் கழன்று பறக்குமோ என்று ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுதான் பார்ப்பேன். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். வாரம் முழுக்க ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வருமோ என்று திரிகிறவனுக்கு, அந்த அரை மணி நேரம் ஆபத்து கண்ணெதிரே, ஓர் இடத்தில் நின்றது. அதைப் போல ஓர் ஆறுதலை எந்த மாத்திரையும் தரவில்லை.

அது கோமு மாமிக்குத் தெரியுமா? தரைத்தளத்தில், எஞ்சினுக்கு நேர் எதிரே மாமியின் வீடு. "அம்பி, மாமா வேஷ்டியெல்லாம் கறுப்புப் புள்ளி. மனுஷர் சபரிமலைக்கு மாலை போட்டுண்டாரான்னு கேக்கறா" என்று ஒரு நாள். "உன் பீடை இருமறதா, என் காது அடைக்கறதா, தெரியலைடா" என்று இன்னொரு நாள். கடைசியில் சொசைட்டி மீட்டிங்கில் பேசி, எஞ்சினை மாதக் கடைசிக்குள் எடுத்துவிட வேண்டும் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்ட வைத்துவிட்டாள். நான் இசக்கிக்குப் போன் செய்தேன். "திரும்ப எடுத்துக்கிடுதேன் சார். ஆனா பாகம் பாகமாத்தான் விப்பேன்" என்றார். போனை வைத்துவிட்டுப் போய் எஞ்சினைத் துடைத்தேன்.

அந்த மாதக் கடைசியில்தான் அந்த மழை. காலையிலேயே கரண்ட் போயிற்று. எங்கள் காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் நாலா, அதாவது மாஹுல் கழிமுகத்துக்குப் போகிற பெரிய சாக்கடை. எங்கள் காம்பவுண்டுத் தண்ணீரும் அதில்தான் வடியும். கடல் ஏறி நின்றால் அது வாயை மூடிக்கொள்ளும். மதியம் தண்ணீர் மாமி வீட்டு வாசலின் இரண்டாவது படியைத் தொட்டது. மொத்தமே மூன்று படி. உள்ளே மாமா இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆகி, முன்னறைக் கட்டிலில் அசையக்கூடாமல் கிடந்தார். அவரைத் தூக்கி மாடி ஏற்றுவதை நினைத்தால் எனக்கு முழுசாக ஒரு ஃபைல் தெரிந்தது.

மாமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "அம்பி! அந்தப் பீடையை ஸ்டார்ட் பண்ணேண்டா!"

"மாமி, நோட்டீஸ்..." என்றேன்.

"ஒட்டச் சொன்னது நான்தான். இப்போ நான்தான் சொல்றேன். மாமா கட்டிலைத் தண்ணி தொட்டுதோ, உன்னைத் தொலைச்சுடுவேன்!"

முழங்கால் தண்ணீரில் நின்று பெல்ட்டை மாட்டினேன். உறிஞ்சு குழாயைக் காம்பவுண்டுத் தண்ணீரில் இறக்கினேன். மற்றக் குழாயைத் தலை உயரச் சுவரைத் தாண்டி நாலாவில் போட்டேன். லீவரைத் தூக்கினேன். கட்டை விரல் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. ஹேண்டிலைச் சுற்றச் சுற்ற நெஞ்சு ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம் அடித்துக்கொண்டது. மூன்று தடவை ஏமாற்றிவிட்டு, நாலாவது தடவை 'டுப்' என்று பிடித்தது. பெல்ட் சுழன்றது. நான் அசையாமல் நின்றேன். தண்ணீரும் இரண்டாவது படியில் அசையாமல் நின்றது. மூன்றாவது படியின் ஓரத்தை நக்கிப் பார்த்தது. எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டு முடித்து, தெரியாதவர்களிடம் போய்க்கொண்டிருந்தபோது, இரண்டாவது படியின் சிவப்புத் தரை தெரிந்தது. அப்புறம் முதல் படி. மாமி கை தட்டினாள். மாடி ஜன்னல்களில் எல்லாம் கை தட்டினார்கள். "யாரு மோட்டார் போட்டா?" என்று மாமா உள்ளேயிருந்து கேட்டார்.

அடுத்த மீட்டிங்கில் மாமியே எழுந்து, "அது இருந்துட்டுப் போகட்டும். ஒரு மூலையில மாடு மாதிரி நிக்கறது, யாரை முட்டித்து?" என்றாள். துணிக்கொடியை உள்பக்கம் மாற்றிக்கட்டினாள். ஞாயிற்றுக்கிழமை நான் கொஞ்சம் தாமதித்தால், "இன்னிக்கு ஓட்டலையாடா அம்பி?" என்று கேட்டு, காபியையும் ஜன்னல் வழியாக நீட்டுவாள். விரலை விலக்கித்தான் வாங்குவேன்.

பிறகு எல்லா இடத்திலும் நடப்பதுதான். கட்டடம் பில்டர் கைக்குப் போயிற்று. மாமாவும் மாமியும் நெருளில் மகன் வீட்டுக்குப் போனார்கள். அங்கே முதலில் மாமா காலமானார், அப்புறம் மாமி. எஞ்சினை இசக்கி டெம்போவில் ஏற்றிப் போனார், பாகம் பாகமாக விற்றிருப்பார். அவர் பட்டறை இருந்த தெருவை இப்போது தகரம் வைத்து மறைத்திருக்கிறார்கள். நாலாவின் மேல் கான்கிரீட் போட்டாகிவிட்டது. மூன்று படி இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன.

போன வாரம் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, "இந்த மாதிரி ஒரு நாளில்தானே நான்..." என்று ஆரம்பித்தேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி தலை நிமிரவில்லை.

"ஏன்னா, இனிமே சொல்லலாம். மாமியும் இல்லை. அந்தக் குழாய்லேர்ந்து ஒரு சொட்டு வரலை."

"எந்தக் குழாய்?"

"நாலாவில போட்டேளே, அது. நான் மாடி ஜன்னல்லேர்ந்து சுவருக்கு அந்தண்டை பார்த்துண்டுதானே இருந்தேன். வாயைப் பொளந்துண்டு காஞ்சு தொங்கித்து."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"யார்கிட்ட? மாமி கை தட்டிண்டிருக்கா. நீங்க என்னடான்னா ஜெயிச்சுட்ட மாதிரி எல்லார்க்கும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிண்டு நிக்கறேள்."

பால்கனியில் போய் நின்று யோசித்துப் பார்த்தேன். பெல்ட் மாட்டியது ஞாபகம் இருக்கிறது. குழாய் போட்டது, லீவர், விரல், எல்லாம் ஞாபகம் இருக்கிறது. வாளி ஞாபகம் இல்லை. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, பம்புக்குள் ஒரு வாளி தண்ணீர் ஊற்ற நான் மறந்திருக்கிறேன். எஞ்சின் ஓடியது. பம்பு வெறும் காற்றில் சுற்றியது. மாஹுல் பக்கம் கடல் இறங்கியது, தண்ணீர் வடிந்தது.