கனகாம்பிகை உபயம் செய்த வாளி

ரொறன்ரோவில் மில்லிக்கன் பிளாசாக் கடைகளின் முன்னால் கனகாம்பிகை ட்ராக்டர் ஓட்டிப் பனி வழிப்பதைப் பார்க்கவென்றே சில ஆண்கள் கோப்பியோடு வெளியே வந்து நிற்பார்கள். தங்கள் வீட்டு வாசல் பனியை ஒருநாளும் அள்ளாதவர்கள். வேலை செய்த தையல் ஃபாக்டரி மூடியபோது, வடக்கே ஒரு விவசாயியிடம் பழைய ட்ராக்டர் வாங்கி, முன்னால் பனி தள்ளும் தகடு பூட்டித் தொழிலைத் தொடங்கியவர் அவர். கிளிநொச்சியில் தகப்பனின் ட்ராக்டரை ஓட்டிய கை. கணவர் ஸ்ரீஸ்கந்தராசா மிச்சப் பனியை அள்ளும் சவளோடு பின்னால் நடப்பார். சிரிப்பவர்களுக்கு அது இன்னும் வசதி.

தகட்டைத் தூக்கி இறக்குவது ஹைட்ரோலிக் ஒயில். அதை அவர் மஞ்சள் வாளியில் வாங்கினார். லேபிளில் பனிக்குள் நிற்கும் ட்ராக்டரின் படம்; கீழே, எந்த ட்ராக்டருக்கும் எந்தக் காலத்துக்கும் உகந்தது என்ற பெருமை. ஒருநாள் கடுங்குளிரில் தகடு அசைய மறுத்தது. பம்ப் முனகி உடைந்தது. பனி கடை வாசல்களிலேயே கிடந்தது. பிழை ஒயிலில் என்றார் கனகாம்பிகை.

பலசரக்குக் கடைக்காரர் கனகசிங்கம் வந்து பார்த்தார். பிளாசாவின் செயலாளர் பதவியைத் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டவர்.

"பொம்பிளையளிட்டை மெசினைக் குடுத்தா உதுதான் நடக்கும். ஓடத் தெரியாமல் உடைச்சுப்போட்டு ஒயிலைச் சாட்டுறா."

பனி வழிக்கும் வேலை அவருடைய மச்சானின் பிக்கப் வண்டிக்குப் போனது. கனகாம்பிகை பம்பையும் ஒயிலையும் மாற்றிவிட்டார். ஆனால் வேலை கேட்டு ஏறி இறங்கிய கடைகளிலெல்லாம் கனகசிங்கத்தின் கதை அவருக்கு முன்னே போய் உட்கார்ந்திருந்தது. பிழை ஒயிலில்தான் என்று ஒரு பெரிய இடத்தில் இருந்து வரவேண்டும். அது வராமல் பிளாசா வேலை திரும்பக் கிடைக்காது.

அப்போதுதான் ட்ராக்டர் விற்ற விவசாயி ஒரு செய்தி சொன்னார். அதே ஒயிலால் பலருடைய ட்ராக்டர்கள் பழுதாகி, எல்லாருக்குமாகச் சேர்த்துக் கம்பனி மேல் ஒரே வழக்குப் போட்டிருக்கிறார்களாம். கனகாம்பிகை அந்த வழக்கை நடத்திய லோயரின் கந்தோருக்கு ஓடினார். அங்கே வேலை செய்த துஷானி தமிழ்ப் பிள்ளை.

"வாளியில இருந்த லேபிள் வேணும், அன்ரி. இருந்தா ரிப்பேர் காசு. இல்லாட்டி ஒரு கூப்பன்தான்."

கனகாம்பிகையிடம் லேபிள் இல்லை. அவ்வளவு நல்ல வாளியை எறிய மனம் வருமா? பசைகூட மிஞ்சாமல் கம்பிப் பஞ்சால் உரஞ்சி, முற்றம் கழுவவென்று மோர்னிங்சைட் கோயிலுக்குக் கொடுத்திருந்தார். கொடுத்ததோடு விட்டாரா? லேபிள் இருந்த இடத்தில் சிவப்புப் பெயின்ரால் 'உபயம்: ஸ்ரீஸ்கந்தராசா கனகாம்பிகை குடும்பம்' என்று எழுதுவித்தும் இருந்தார். வெளிச்சம் மறைந்தாலும் பரவாயில்லை என்று ரியூப் லைற்றிலேயே பெயர் எழுதுகிற கோயில் அது.

கோயிலில் இருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் கந்தோருக்குப் போனார். துஷானி வாசித்துவிட்டு உதட்டைக் கடித்தாள்.

"இதில கம்பனியின்ர பேர் இல்லை, அன்ரி. உங்கட பேர்தான் இருக்கு. இதை வைச்சு உங்களுக்கு மேலதான் வழக்குப் போடலாம்."

வழக்கு சமாதானத்தில் முடிந்தது. லோயர்மார் தங்கள் பங்கை முதலில் எடுத்துக்கொண்டார்கள். கம்பனி தன்னில் ஒரு பிழையும் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தது; பழைய கையிருப்பை விற்று முடிக்கவும் அனுமதி வாங்கிக்கொண்டது. லேபிள் இல்லாதவர்களுக்குக் கொடுத்த கூப்பனுக்கு ஒரு வாளி ஒயில் இலவசம். அதே ஒயில். நஞ்சு குடித்துப் பிழைத்தவனை அழைத்து இன்னொரு கோப்பை ஊற்றுகிற உபசாரம்.

"அப்ப ஒயில் கூடாதெண்டு அவங்கள் சொல்லேல்லையோ?"

"இல்லை, அன்ரி. செட்டில்மென்ற் எண்டா ஒருத்தரும் ஒண்டும் ஒத்துக்கொள்ளாமல் முடிக்கிறது."

"அதுக்கோ இவ்வளவு காலமும் பேசினவங்கள்?"

கனகசிங்கத்துக்கு இது போதுமாக இருந்தது. "பாத்தியோ பிள்ளை, கம்பனியே தன்னில பிழை இல்லையெண்டு சொல்லிப்போட்டுது."

கனகாம்பிகை கூப்பனைக் கொடுத்து ஒயிலை எடுத்து வந்து, மூடியை உடைக்காமல் வைத்தார்.

தொண்ணூற்றொன்பது தை மாதம் ரொறன்ரோவைப் பனி மூடியது. மேயர் இராணுவத்தைக் கூப்பிட்டார். ஆமிக்குப் பயந்து ஓடி வந்த இடத்தில் ஆமி வந்து பனி அள்ளுகிறது என்று பிளாசா முழுவதும் ஒரே பகிடி. பகிடியோடு பனியும் அப்படியே கிடந்தது. மச்சானின் பிக்கப் அதற்குள் கதவுவரை புதைந்து நின்றது.

கனகாம்பிகை அந்தக் கூப்பன் வாளியைக் கொண்டுவந்து ஓர் இரவு முழுக்கக் கனகசிங்கத்தின் கடை வெளிச்சுவரோடு குளிரில் வைத்தார். காலையில் ட்ராக்டரை ஓட்டி வந்து வீதியோரம் நிறுத்திவிட்டு இறங்கினார். கோப்பிக்காரர்கள் கூடினார்கள்; கனகசிங்கமும் கடையில் இருந்து வெளியே வந்தார்.

"அண்ணை, உந்த லேபிளை ஒருக்கா வாசியுங்கோ."

"எந்தக் காலத்துக்கும் எண்டு போட்டிருக்கு. அதுக்கு என்ன?"

கனகாம்பிகை மூடியைக் கழற்றி, வாளியைக் கனகசிங்கத்தின் சப்பாத்துக்கு நேராகக் கவிழ்த்தார். அவர் துள்ளி விலகினார்.

"பயப்பிடாதேங்கோ, விழாது."

விழவில்லை. கட்டிப்பட்ட ஒயில் வாளிக்குள் அசையாமல் இருந்தது. ட்ராக்டருக்குச் சிரித்த வாய்கள் இப்போது கனகசிங்கத்தைப் பார்த்துச் சிரித்தன. சிரிக்க ஆள் கிடைத்தால் போதும் அவர்களுக்கு.

"உதை நீ முந்தியே சொல்லியிருக்கலாம், பிள்ளை."

"சொன்னனான். நீங்கள் கேக்கேல்லை."

"சரி, சரி. இப்ப உந்த வாசலை வழிச்சு விடு. மச்சானோடை நான் பிறகு கதைக்கிறன்."

"முதல் கதையுங்கோ. பிறகு வழிக்கிறன்."

கனகாம்பிகை ட்ராக்டரில் ஏறி, கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தார். கடைக் கண்ணாடிக்கு அப்பால் கனகசிங்கம் ரெலிபோனில் மச்சானை அழைத்துக்கொண்டிருந்தார். ஸ்ரீஸ்கந்தராசா வாளியை நிமிர்த்தி மூடினார்.

"இதையும் கோயிலுக்குக் குடுப்பமோ?"

"குடுப்பம். லேபிளில மட்டும் கை வையாதேங்கோ."