இரண்டு டம்ளர் சத்தம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, போடி காப்பி கிளப்பு வாசலில் நாங்கள் நான்கு சைக்கிள்காரர்களும் ஐந்தாவது ஆளுக்காகக் காத்திருந்தோம். அவர் வருவதை எப்போதும் கண்ணுக்கு முன்னால் காது சொல்லிவிடும். அவருடைய சைக்கிள் கைப்பிடியில் ஒரு பித்தளை டம்ளர் தொங்கும். பள்ளத்துக்கு ஒரு தரம், மேட்டுக்கு ஒரு தரம் அது மணியடிக்கும். அன்றும் அடித்தது. "பால்காரர் வந்துட்டாரு, காப்பிய இறக்கச் சொல்லு" என்றார் தங்கவேலு அண்ணன். நான் எட்டிப் பார்த்தேன். வந்தது மலையிலிருந்து இறங்கிய ஒரு பொதிமாடு. அதன் முதுகில் ஏலக்காய் மூட்டை. மூட்டையின் மேல் கயிறு போட்டுக் கட்டிய சைக்கிள். தொங்கிக்கொண்டு வந்த டம்ளர் மட்டும் வழக்கம்போல் அடித்துக்கொண்டிருந்தது.

மாட்டுக்காரர் எங்களைப் பார்த்ததும் தலைப்பாகையை அவிழ்த்தார். அந்த வாரம் செவ்வாய்க்கிழமையே மலை ஏறிய பால்காரருக்கு எஸ்டேட்டில் மூன்று நாள் மலைக்காய்ச்சலாம். மேலேயே அடக்கம் செய்துவிட்டார்களாம். சிலமலையில் இருக்கும் சம்சாரத்திடம் சைக்கிளைச் சேர்க்கச் சொன்னார்களாம்.  அந்தச் சைக்கிள் அவரைச் சுமந்ததைப் பார்த்திருக்கிறேன். கல்லான பாதையில் அவர் அதைத் தோளில் சுமந்ததையும் பார்த்திருக்கிறேன். ஒரு மாடு அதைச் சுமப்பதைப் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை.

பெரியம்மை வராமல் தடுக்க, மாட்டம்மையிலிருந்து எடுத்த அம்மைப்பாலைக் கையில் குத்தி வைக்கும் அருமைநாயகத்தை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இதைப் படிக்கிறவர்கள் இடது கைச் சட்டையைச் சுருட்டிப் பார்த்தால் போதும், அநேகம் பேருக்கு அவர் கையெழுத்து அங்கே இருக்கும். 'பால்காரர்' என்று அவருக்குப் பெயர் வைத்தவன் நான்தான். மாட்டுப்பால்காரர் பாலில் தண்ணீர் இருக்கும், அம்மைப்பால்காரர் பாலில் கண்ணீர் இருக்கும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது அவர் காதுக்கும் போயிற்று. சிரித்துவிட்டு, "கண்ணீர் இன்னைக்கு வரும், நாளைக்குக் காஞ்சிரும். அம்மைத் தழும்பு காயாது, அப்பு" என்றார்.

நான்காம் பாரத்தில் படித்தபோது எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அவர் வந்தார். ஏற்கெனவே வைத்துக்கொண்டவன்போல் காட்டினால் தப்பிக்கலாம் என்று, புளியில் குங்குமத்தைக் குழைத்துக் கையில் இரண்டு பொருக்கு ஒட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். அவர் பார்த்தார். பிறகு குனிந்து மோந்தார். "மாட்டம்மை தெரியும். புளியம்மைய இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார். பெயர் என்ன என்று கேட்டார். சீனி என்றேன். "புளியும் சீனியுமா? அப்ப இது பானக்கம்" என்று சொல்லி ஈரத்துணியால் துடைத்துவிட்டு, நான் சிரித்து முடிப்பதற்குள் வேலையை முடித்துவிட்டார். அடுத்த அறையில் பிரம்போடு இருந்த தலைமை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கே எனக்கு அவர்மேல் ஒரு பிரமிப்பு வந்துவிட்டது. மாமாவின் பழைய சைக்கிள் எனக்குக் கிடைத்ததும் முதல் வேலையாக அவர் பின்னால் ஓட்டினேன்.

ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் சைக்கிள்களில் சக்கரம் சுற்றுகிறவரை பெடலும் சுற்றும், காலை ஓய்வாக வைக்க இடமே கிடையாது. முந்தல் ஏற்றத்தில் நாங்கள் நாக்குத் தள்ள நிற்கும்போது அவர் பேசிக்கொண்டே மேலே போவார். முதுகுப் பெட்டியில் ஈரத்துணியும் வாழைப்பட்டையும் சுற்றிய அம்மைப்பால். வெயில் பட்டால் அது வீணாகிவிடும் என்பதால் எஸ்டேட்டுக்கு வெரசாகப் போயாக வேண்டும். பெட்டியில் இருப்பது சூடாகக் கூடாது, டம்ளரில் இருப்பது ஆறக் கூடாது, இந்த இரண்டுதான் தன் சோலி என்பார். "ஏத்தத்துல சைக்கிளைத் திட்டாத, அப்பு. இறக்கம் வந்தா அதுக்கே இரக்கம் வந்துரும்" என்று அவர் சொன்னதை நான் என் சொந்தச் சரக்காகப் பல இடங்களில் விற்றிருக்கிறேன். இப்போது உரியவர் பெயரில் ஒப்படைக்கிறேன்.

ராசிங்காபுரத்தில் ஒரு நாள் எந்த வீட்டிலும் பிள்ளையை வெளியே விடவில்லை. குத்தினால் ஆத்தாவுக்குக் கோபம் வரும் என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர் யாரோடும் வாதாடவில்லை. ஒரு வீட்டு வாசலில் நின்று தன் டம்ளரில் கருப்பட்டிக் காப்பி வாங்கிக்கொண்டு களத்துக்குப் போய்ச் சைக்கிளில் ஏறினார். கைப்பிடியை விட்டார். களத்தைச் சுற்றிச் சுற்றி வந்தபடி, சூடான காப்பியை வாய் வைக்காமல் அண்ணாந்து குடித்தார். ஒரு சொட்டு சட்டையில் விழவில்லை. நான்காவது சுற்றில் பிள்ளைகள் வந்துவிட்டார்கள், ஆறாவது சுற்றில் அவர்களைத் தேடிக்கொண்டு தாய்மார்களும் வந்துவிட்டார்கள். பிறகு பெட்டியிலிருந்து பன் எடுத்தார். "ஒரு கையில ஊசி, ஒரு கையில பன்னு. பிள்ளைங்க எந்தக் கையப் பாக்கும், சொல்லு" என்று என்னைக் கேட்டார். நானும் அதேபோல் கையை விட்டு ஓட்டிப் பார்த்தேன். அந்த ஊர் எருக்குழி எவ்வளவு ஆழம் என்று கேட்டால் சரியாகச் சொல்வேன்.

அந்தப் பன் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். மலையடிவாரத்தில், எஸ்டேட் பங்களாவில் சமையல் பார்த்துவிட்டு வந்த பட்லர் ஒருவர் செங்கல் அடுப்புக் கட்டி ரொட்டியும் பன்னும் சுட்டுக்கொண்டிருந்தார். சனிக்கிழமை மலை ஏறும் பால்காரர் ஞாயிறு காலை இறங்கும்போது, பால் தீர்ந்த பெட்டியில் எங்களுக்கு ஐந்து பன் வந்துவிடும். பெட்டியைத் திறந்தால் முகத்தில் ஆவியடிக்கும். மாவு உப்புவதற்குப் பட்லர் கள் சேர்ப்பார். அது காப்பி கிளப்புக்காரருக்குத் தெரியும். "கள்ளு விட்ட பண்டம் உள்ளே வரப்படாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். கள்ளுரொட்டி என்பதை நான் கள்ளரொட்டி ஆக்கினேன். ஆக, ஞாயிறுதோறும் வாசல் வேப்பமரத்தடியில் சைக்கிளில் உட்கார்ந்து ஒற்றைக் காலைத் தரையில் ஊன்றியபடி கள்ளரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்பது எங்கள் வழக்கமாயிற்று.

இதற்கு இரண்டு சட்டங்களைப் பால்காரர்தான் வைத்தார். சைக்கிள்காரன் சீட்டை விட்டு இறங்கிக் காப்பி குடிக்கக் கூடாது. சைக்கிள்காரன் தன் டம்ளரைத் தன் கைப்பிடியிலேயே வைத்திருக்க வேண்டும். எங்களுக்கு ஒரே பெருமை. துரைமார் தேசத்தில் சைக்கிள்காரர்கள் எல்லாரும் இப்படித்தான் குடிக்கிறார்கள் என்று நானே கட்டிவிட்ட கதையை நானே நம்பவும் தொடங்கியிருந்தேன். அவர் தன் பன்னில் பாதிக்குமேல் தின்று நான் பார்த்ததில்லை. மீதி எனக்கு வரும். வாயைத் திறந்து பன்னை வாங்கினேனே தவிர, கண்ணைத் திறந்து பார்க்கவில்லை.

இனிச் சொல்லப்போவதை என்னைத் தவிர இன்னொருவர்தான் முழுவதும் அறிவார் என்று நினைத்திருந்தேன். அவர் இப்போது மலையில் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தபோது, அவர் டம்ளரைக் கழற்றி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். பால்காரருக்கே பாத்திரம் இல்லையா என்று கேட்டுச் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம். கிளப்புக்காரர் காப்பிச் செம்போடு வெளியே வந்தார். பால்காரர் கைப்பிடியைத் தடவினார். டம்ளர் இல்லை. நான் கேலியை இன்னும் கொஞ்சம் நீட்டலாமென்று, "சாமி, உள்ளேயிருந்து ஒரு டம்ளர் கொண்டாந்து இவருக்குக் குடுங்க" என்றேன்.

கிளப்புக்காரர் என்னைப் பார்த்தார். செம்பைப் பார்த்தார். "அது தோதுப்படாது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் போனார். திரும்பி வந்து ஒரு தேங்காய்ச் சிரட்டையை மரத்தடி மண்ணில் வைத்தார்.

ஊரில் யார் யார் எந்தெந்தத் தெரு, யாருக்கு உள்ளே இடம், யாருக்கு வெளியே சிரட்டை என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் என் கையைப் பிடித்துப் பால் வைத்தவர், கிளப்புக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தொட்டுப் பால் வைத்தவர், அந்த வரிசையில் எந்தப் பக்கம் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. தோன்றாதபடி அவர்தான் எங்களை நிற்க வைத்திருந்தார்.

அவர் சிரட்டையைக் குனிந்து பார்க்கவே இல்லை. ஒரு பன்னை எடுத்தார். மேலே கட்டைவிரலை விட்டு உள்ளிருந்த சதையைத் தோண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கிண்ணம்போல் ஆன பன்னை உள்ளங்கையில் ஏந்தி நீட்டினார்.

"இதுல ஊத்துங்க சாமி. குடிச்சிட்டு டம்ளரையும் தின்னுருவேன், உங்களுக்குக் கழுவுற சோலி மிச்சம்."

கிளப்புக்காரருக்கு ஊற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. கொதிக்கிற காப்பி. பன்னின் அடிப்பக்கம் ஊறி அவர் விரலிடுக்கில் வழிந்தது. கை அசையவில்லை. நிதானமாகக் குடித்தார். பிறகு டம்ளரைத் தின்றார், முழுவதையும். தங்கவேலு அண்ணன் தன் டம்ளரைக் கைப்பிடியில் திரும்ப மாட்டிவிட்டு, தன் பன்னைத் தோண்டி நீட்டினார். மற்ற இரண்டு பேரும் நீட்டினார்கள். கடைசியாக நான் நீட்டினேன். காப்பி என் உள்ளங்கையில் பட்டதும் உதறிவிட்டேன். அவருடைய கை அசையாமல் நின்றதை எண்ணி இன்றைக்கும் வியக்கிறேன். களத்தைச் சுற்றி வந்த வித்தையெல்லாம் அதற்கு முன்னால் சின்னது.

சிலமலைப் பாதையில் அவர் பின்னாலேயே போனேன். கடைசியில் டம்ளரை எடுத்து நீட்டினேன். அவர் திரும்பாமலே கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"வாசல்லயே தெரியும், அப்பு. நீ பைய நகத்துனப்ப உன் சைக்கிள் ரெண்டு டம்ளர் சத்தம் போட்டுச்சு."

"அப்பவே கேட்டிருக்கலாம்ல? குடுத்திருப்பேன்ல?"

"கேக்கத்தான் வாயத் தெறந்தேன். அதுக்குள்ள சிரட்டை வந்துருச்சு. அதுக்கப்புறம் கேட்டா, டம்ளருக்குப் பின்னாடி நான் ஒளிஞ்ச மாதிரி ஆயிரும்."

கொஞ்ச தூரம் ஓட்டினோம். அந்தப் பாதிப் பன் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "உங்களுக்குப் பன்னு பிடிக்கவே பிடிக்காதுல்ல?" என்றேன். அவர் சிரித்தார். "கள்ளு வாடை எனக்கு ஆகாது" என்றார். பிறகு, அதே குரலில், "பன்னு இல்லேன்னா நீங்க நாலு பேரும் உள்ள போயி உக்காந்திருப்பீங்க. தனியா நின்னு குடிச்சா காப்பி சட்டுனு ஆறிப்போகுது, அப்பு" என்றார்.

 அடுத்த ஞாயிறும் ஐந்து பன் வந்தது.

செய்தி வந்த மறுநாள் சிலமலைக்கு ஆறுதல் சொல்லப் போனேன். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போய் வாசலில் நின்றேன். அவருடைய மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சீனிங்கிறது நீதான? டம்ளர் களவாணி?"

தலையை ஆட்டினேன். எல்லாவற்றையும் வீட்டில் சொல்லியிருக்கிறார். கோபமாகச் சொல்லியிருந்தால் அந்த அம்மாளின் முகத்தில் அப்போது அந்தச் சிரிப்பு வந்திருக்காது. உள்ளே போய் டம்ளரைக் கொண்டுவந்தார். "இத வீட்ல பொழங்க என்னால முடியல. அன்னைக்குக் களவாண்ட. இன்னைக்கு நானே குடுக்குறேன், வாங்கிக்க." அதன் பிறகுதான் அவர் அழுதார். நானும்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நான்கு பேரும் வேப்பமரத்தடியில் நின்றோம். கிளப்புக்காரர் வாசலுக்கு வந்தார். கையில் செம்பு இல்லை. போனவரைப் பற்றி மெதுவாக இரண்டு நல்ல வார்த்தை சொன்னார். பொய்யாகச் சொல்லவில்லை. பிறகு, "இன்னும் ஏன் வெயில்ல நிக்கணும்? அந்த ரொட்டிதான் இனிமே வரப்போறதில்லையே. உள்ளே வந்து உக்காருங்களேன்" என்றார். உள்ளே பெஞ்சு காலியாக இருந்தது. மற்ற மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"வந்திருக்கு, சாமி" என்று என் பையைத் திறந்தேன். விடியும் முன்பே எழுந்து பட்லர் அடுப்புவரை மிதித்துவிட்டு வந்திருந்தேன். ஐந்து பன். இன்னும் ஆவி வந்தது.  கிளப்புக்காரர் உள்ளே போய்ச் செம்பை எடுத்துவந்தார். நான் பால்காரரின் டம்ளரை முதலில் நீட்டினேன். ஊற்றினார். அதை நாங்கள் நான்கு பேரும் ஆறுவதற்குள் குடித்தோம்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை இரண்டு. இடது கையில் ஒரு தழும்பு, அது உங்களிடமும் இருக்கிறது. இன்னொன்று என் கைப்பிடியில் தொங்குகிறது. மேட்டில் ஏறினாலும் பள்ளத்தில் இறங்கினாலும் என் சைக்கிள் இப்போது இரண்டு டம்ளர் சத்தம் போடுகிறது.