வேலாயுதத்தின் வலது கால்

பஸ்ஸில் ஏறுவது புதுமுகமாக இருந்தால் வேலாயுதம் வண்டியை நகர்த்த மாட்டார். ஸ்டீரிங்கில் கையை வைத்துக்கொண்டு படிக்கட்டையே பார்ப்பார். "வலது காலும்மா, வலது காலு." தமிழ் தெரியாத முகம் என்று பட்டால், அதையே கன்னடத்தில், "பலகாலு மொதலு." இடது காலை வைத்துவிட்டவர்கள் இறங்கி மறுபடி ஏற வேண்டும். மைசூர் ஹெப்பாளில் எங்கள் தொழிற்சாலைக்கு முதல் நாள் வேலைக்கு வரும் இன்ஜினியர்கள் எத்தனையோ பேர், படித்த படிப்பையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, இவர் பேச்சுக்கு இறங்கி ஏறியிருக்கிறார்கள். நானும் அப்படி ஏறியவன்தான். பதினோரு வருடமாக அவருக்கு நேர் பின் இருக்கை எனக்கு.

தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்க்காரர். வயது நாற்பத்தொன்பது. ஓட்டும்போது இடது காலில் செருப்பு இருக்கும், வலது காலில் இருக்காது. கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிடுவார். கேட்டால், "பிரேக்கு என்ன சொல்லுதுன்னு உள்ளங்காலுக்குத் தெரியோணுமுங்க" என்பார். செல்போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிடுவார். மனைவி வடிவு கூப்பிட்டாலும் ஆலை வாசல் வந்த பிறகுதான் பேச்சு.

போன மழைக்காலத்தில்தான் அதைக் கவனித்தேன். ஆக்சிலேட்டரிலிருந்து பிரேக்குக்குக் காலை மாற்றும்போது வலது கை கீழே போகும். தொடைமேல் பேன்ட் துணியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கும். கால் தானாக வரவில்லை, கைதான் தூக்கி வைத்தது. பின்னால் ஐம்பது பேர் தூங்கிக்கொண்டு வருகிறார்கள்.

அடுத்த வாரம் ரிங் ரோடு சந்திப்பில் ஒரு பால்காரர் சைக்கிளோடு குறுக்கே வந்தார். பஸ் நின்றபோது சைக்கிளுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. பால்காரர் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார். பஸ்ஸில் இருந்தவர்களோ டிரைவரைப் பாராட்டினார்கள். பாராட்டு வாங்கிய மனிதர் அன்று சாயங்காலமே பஸ் சாவியைக் கொண்டுபோய் மேற்பார்வையாளர் லிங்கப்பன் மேஜையில் வைத்தார்.

"பிரேக்கு நல்லாத்தானுங்க இருக்குது. என்ற காலுதான் லேட்டாவுது."

யாரும் கேட்காமல் இப்படிச் சொல்கிறவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. லிங்கப்பனும் பார்த்ததில்லை போலும். நாலு மாதம் மாற்று டிரைவரை வைத்துச் சமாளிப்பதாகச் சொன்னார். அதற்குள் டாக்டர் சீட்டோடு வந்து தன் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் வாசலில் டோக்கன் கொடுக்கும் வேலை. "டோக்கன் குடுக்கறதுக்கு எதுக்குங்க இருவத்தாறு வருசம் ஓட்டோணும்" என்று வெளியே வந்து என்னிடம் கேட்டார்.

மருத்துவமனையில் பார்த்தபோது, வலது இடுப்பு மூட்டில் பந்து போலிருக்கும் எலும்புக்கு ரத்தம் போவது நின்று அது உளுத்துப்போயிருந்தது. மூட்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். சிறு வெட்டுப் போட்டு, தசையை முடிந்தவரை அறுக்காமல் விலக்கி, அந்த வழியாகவே மாற்றும் முறை உண்டு என்றார் டாக்டர். எல்லார் உடம்புக்கும் அது ஒத்துவராது, உள்ளே போனபின் இடம் போதவில்லை என்றால் வெட்டைப் பெரிதாக்குவேன் என்றும் சொன்னார். மற்றவர்கள் பயந்திருப்பார்கள். வேலாயுதத்துக்கு அந்த வார்த்தையில்தான் நம்பிக்கை பிறந்தது. "முடியலீன்னா முடியலீன்னு சொல்ற ஆளுங்க. நம்மாளு."

ஆபரேஷனுக்கு மறுநாள் பார்க்கப் போனேன். படுத்திருப்பார் என்று ஆரஞ்சுப் பழத்தோடு போனால், வாக்கரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் வருகிறார். "பானெட்டையே தொறக்காம, அடியில படுத்து வேலைய முடிச்சுப்போட்டாருங்க" என்று கட்டுப் போட்ட இடத்தைக் காட்டினார். அரைச் சாணுக்கும் குறைவாகத்தான் இருந்தது.

காயம் சிறிதாக இருந்ததுதான் வினையாயிற்று. மருத்துவமனையில் நடக்கப் பழக்கிய தீபா, மைசூரிலேயே வளர்ந்த பெண், படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினாள். "படி ஏறறப்போ நல்ல கால் மொதல்ல அண்ணா. இறங்கறப்போ ஆபரேஷன் கால். ஸ்வல்ப நாள்தான்." அதாவது ஏறும்போது இடது கால். வீட்டுக்கு நான்தான் கூட்டி வந்தேன். வாசலில் மூன்று படி. மேலே வடிவு ஆரத்தித் தட்டோடு நின்றார். "வலது காலெடுத்து வெச்சு வாங்க" என்றார், பழக்கத்தில்.

மனிதர் நின்றார். ஊரையே வலது காலால் ஏற்றியவர், மறுபிறவி எடுத்துத் தன் வீட்டுக்குள் இடது காலாலா போவார்? காயத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இத்துனூண்டு வெட்டுத்தானுங்களே" என்று என்னிடம் சொல்லிவிட்டு வலது காலைத் தூக்கி வைத்தார். கால் மடங்கியது. நான் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன். ஆரத்தித் தண்ணீர் படியெல்லாம் சிவப்பாக ஓடியது.

எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும்வரை அவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. மூட்டு இடம் பெயரவில்லை என்று தெரிந்ததும் டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: வெட்டுத்தான் சிறியது, உள்ளே மாற்றியது முழு மூட்டு. வேலாயுதம் தலையைக் குனிந்துகொண்டார். அன்றிலிருந்து படி என்றால் இடது கால்தான்.

வலது காலுக்கு வேறு வேலை வைத்திருந்தார். நாள் ஆக ஆக, டாக்டர் அனுமதித்ததும், உயரமான நாற்காலியில் உட்கார்ந்து தரையில் இரண்டு எவர்சில்வர் தட்டு வைத்துக்கொண்டார். ஒன்று ஆக்சிலேட்டர், ஒன்று பிரேக். வடிவு சமையலறையிலிருந்து கரண்டியால் பாத்திரத்தில் திடீரென்று தட்டுவார். உடனே பாதம் பிரேக்கில் இருக்க வேண்டும். முதலில் கை லுங்கியைப் பிடிக்கத்தான் ஓடியது. "கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க" என்று உள்ளிருந்தே உத்தரவு வரும். கைகட்டி உட்கார்ந்திருப்பார், வாத்தியார் முன்னால் போல. "எப்பத் தட்டுவான்னு தெரியாதுங்க. ரோடும் அப்பிடித்தானே" என்றார் என்னிடம். அந்த வீட்டில் இரண்டு மாதம் சாம்பார் கொதிக்கும் சத்தத்தைவிடக் கரண்டிச் சத்தம்தான் அதிகம்.

நாலு மாதம் முடிய ஐந்து நாள் இருக்கையில், டாக்டர் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆலைக்கு வந்தார். பஸ் நிறுத்தும் மைதானத்தில் லிங்கப்பன் முதலில் ஏறி என் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். நான் பக்கத்தில். வேலாயுதம் படிக்கட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இடது காலை வைத்து ஏறினார்.

"பலகாலு, வேலாயுதம்" என்று லிங்கப்பன் சீண்டினார்.

"அதுக்கு உள்ளார வேலை இருக்குதுங்க" என்று சொல்லி, உட்கார்ந்து, வலது செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளினார்.

மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினோம். இரண்டாவது சுற்றில் பஸ் வேகம் பிடித்த நேரத்தில் லிங்கப்பன் எதுவும் சொல்லாமல் கையிலிருந்த இரும்புச் சாவிக்கொத்தால் ஜன்னல் கம்பியில் ஓங்கி அடித்தார். நாங்கள் இருவரும் முன்னால் போய்க் கம்பியில் இடித்துக்கொண்டோம். நிமிர்ந்து பார்த்தேன். வேலாயுதத்தின் வலது கை பேன்ட் துணியைக் கொத்தாகப் பிடித்திருந்தது. ஆனால் பஸ் அதற்கு முன்பே நின்றிருந்தது.

அவர் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். பிறகு துணியை விட்டார். அந்தக் கையாலேயே தொடையில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டிக்கொடுத்தார்.