பத்தாம் நாள் வந்த பதில்

அன்புள்ள சொந்தபந்தங்களுக்கும் அப்பாவின் நண்பர்களுக்கும்,

அப்பா ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. இந்த நினைவு மலரை முப்பதாம் நாள் திருப்பலியின்போதே உங்கள் கையில் கொடுத்திருக்க வேண்டும். அப்போது முடியவில்லை. அதன்பிறகு எழுத உட்காரும்போதெல்லாம் அழுகை வந்தது. அழுகையைவிட வெட்கம் அதிகமாக வந்தது. அது ஏன் என்பதை ஒன்றுவிடாமல் சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அப்பா பிறந்தது லால்குடிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். குத்தகை வயலில் நெல் போட்டுப் பிழைத்த குடும்பம். பன்னிரண்டு வயதில் தகப்பனாரை இழந்தார். மூத்த அக்கா, அதாவது என் அத்தை, கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்த் தம்பியைத் திருச்சியில் கல்லூரி வரைக்கும் படிக்க வைத்தார். பிறகு சென்னையில் வயர்லெஸ் படிப்பு. அதை முடித்ததும் சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசர் வேலை. கொள்ளிடக் கரையில் வளர்ந்தும் அப்பாவுக்கு நீச்சல் வராது. கேட்டால், “நீச்சல் தெரிஞ்சவன் குதிக்கப் பார்ப்பான். தெரியாதவன்தான் கப்பலைக் காப்பாத்தப் பார்ப்பான்” என்று சிரிப்பார்.

ரேடியோ ஆபீசர் என்றால் என்ன வேலை என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அப்போது கப்பலில் போன் கிடையாது. கரையிலிருந்து டிட், டா டிட் என்று வரும் மோர்ஸ் ஒலியைக் காதால் கேட்டு, எழுத்தெழுத்தாக எழுதி, யாருக்கு வந்த செய்தியோ அவர் கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் வீட்டில் யார் இறந்தார் என்பதெல்லாம் அப்பாவுக்குத்தான் முதலில் தெரியும். அடுத்தவர் செய்தியை வெளியே சொல்வதில்லை என்று உறுதிமொழி கொடுத்துத்தான் அந்த வேலைக்கே வர முடியும். அதை அவர் கரைக்கும் கொண்டுவந்துவிட்டார். கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூடப் பக்கத்துக் கட்டில்காரர் போனில் பேச ஆரம்பித்தால் சிரமப்பட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பார். “அது அவங்க வீட்டுச் செய்திம்மா” என்பார்.

இனி, உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஈரானும் ஈராக்கும் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அப்பா எண்ணெய்க் கப்பலில் வளைகுடாவுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். நாங்கள் பாலக்கரையில் அம்மாவின் பிறந்த வீட்டில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. தம்பிக்கு நான்கு. தம்பிக்குத் திடீரென்று காய்ச்சல் வந்தது. மூளைக் காய்ச்சல் என்று டாக்டர் சொன்ன மூன்றாம் நாள் அவன் போய்விட்டான்.

பெரிய மாமா பம்பாய்க் கம்பெனி ஆபீசுக்குத் தந்தி கொடுத்தார். கப்பலுக்குச் செய்தி அனுப்பியாகிவிட்டது என்று அங்கிருந்து பதிலும் வந்தது. அப்பாவால் வர முடியாது என்பது அம்மாவுக்குத் தெரியும். ஒரு வார்த்தை வரும் என்றுதான் காத்திருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காகப் பெட்டியை மூடாமல் அடக்கத்தை மறுநாள் சாயங்காலம் வரை தள்ளிப்போட்டார்கள். மாமா மூன்று தடவை தந்தி ஆபீசுக்கு நடந்தார். மூன்றாம் தடவை திரும்பி வந்து, “மெசேஜை ரெண்டு தடவை அனுப்பியாச்சாம். பதில்தான் இல்ல” என்றார். அம்மா எழுந்துபோய்த் தன் கையாலேயே தம்பியின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துவிட்டு, “மூடுங்க” என்றார்.

பத்தாம் நாள் அப்பாவின் தந்தி வந்தது. அம்மா அதைப் பிரிக்கவில்லை. அப்படியே அடுப்பில் போட்டார்.

“ஊருக்கெல்லாம் செய்தி அனுப்புற மனுசனுக்குப் பெத்த பிள்ளைக்கு ஒரு வரி அனுப்பத் தெரியல.” இதை முதலில் சொன்னது யார் என்று எனக்கு நினைவில்லை. கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் பந்தியில் உட்கார்ந்து நம் குடும்பமே சொன்னது. ஐந்து மாதம் கழித்து அப்பா வந்து இறங்கியபோது அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“ஏங்க, ஒரு வரி அனுப்பியிருக்க முடியாதா?”

“முடிஞ்சிருக்கும். தப்பு என்மேலதான்” என்றார் அப்பா.

அதன்பிறகு அம்மா அவரோடு நேராகப் பேசியதே அபூர்வம். “அப்பாவைச் சாப்பிடச் சொல்லு” என்பார். அப்பா இரண்டு முழத் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார். நான் சொன்ன பிறகுதான் எழுந்து வருவார். அந்த வீட்டில் தூது போவது என் வேலை. சில சமயம் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டு, அவர் பசியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு நியாயம் செய்வதாக நினைப்பு.

அம்மாவை அடக்கம் செய்த அன்று அப்பா பெட்டியைப் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதார். அத்தனை பேர் நடுவில் நான் கேட்டேன், உங்களுக்கு நினைவிருக்கும். “தம்பி போனப்ப ஒரு வரி அனுப்பல. இப்ப அழுது யாருக்கு என்ன பிரயோஜனம்?” அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஆமாம்மா, தப்புதான்” என்றார். யாரும் என்னைத் தடுக்கவில்லை. நன்றாகக் கேட்டாய் என்று இரண்டு பேர் தோளில் தட்டினீர்கள்.

அதற்குப் பிறகு பதினோரு வருடம் அப்பா காட்டூரில் எங்களோடு இருந்தார். காலையில் பால் வாங்கி வருவார். நான் பாடம் நடத்த ஸ்கூலுக்குப் போனதும் துணி மடித்து வைப்பார். என் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். சனிக்கிழமை தவறாமல் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போவார். அங்கே சித்திரை வீதியில் அவரோடு ஒரே கப்பலில் இரண்டாம் அதிகாரியாக இருந்த ஐயங்கார் மாமா இருக்கிறார். இரண்டு கிழவர்களும் அரசியல் பேசிப் பொழுதைப் போக்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் அவருக்குச் சோறு போட்டேன், மாத்திரை கொடுத்தேன், டயாலிசிஸுக்கு அழைத்துப் போனேன். ஒரு குறையும் வைக்கவில்லை. அன்பாக மட்டும் இருக்கவில்லை. ஒரு விடியற்காலையில் என் கணவரின் கையைப் பிடித்தபடி அப்பா அமைதியாகக் கண்மூடினார். நான் வெளியே கேன்டீனில் காபிக்கு நின்றிருந்தேன்.

முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு ஐயங்கார் மாமா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

“குழந்தே, அவர் இருக்கிறவரைக்கும் சொல்லப்படாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிண்டிருந்தார். இனிமே நான் சொல்லலாம்” என்று ஆரம்பித்தார்.

சண்டை நடக்கும் கடலில் கப்பல்கள் கேட்கலாம், பேசக் கூடாது. அனுப்பினால் கப்பல் இருக்கும் இடம் எண்ணெய்க் கப்பல்களை அடிக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று பயம். கப்பலால் ‘மறுபடி சொல்’ என்று கேட்க முடியாது என்பதால் கரையிலிருந்து ஒவ்வொரு செய்தியையும் இரண்டு முறை அனுப்புவார்கள். முதல் முறை எழுதிக்கொண்டு, இரண்டாம் முறை எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்க்க வேண்டும். தம்பி இறந்த செய்தியை அப்பா அப்படித்தான் வாங்கினார். எழுதினார். பிறகு பென்சிலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தார். டைப் அடித்து, பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டு, முறைப்படி கேப்டனிடம் காட்டினார்.

“நான் அப்போ அங்கேதான் நின்னுண்டிருந்தேன். கேப்டன் படிச்சுட்டுத் தொப்பியைக் கழட்டி வச்சார். ‘ஆத்துக்கு ஒரு வரி அனுப்பிடு, நான் பொறுப்பு’ன்னார். உங்க அப்பா மாட்டேன்னுட்டார்.”

நான் நம்பவில்லை. “அவரே மாட்டேன்னாரா, மாமா?” என்று இரண்டு தடவை கேட்டேன்.

“அவரேதான். ரெண்டு நாள் முன்னாடி எங்களுக்கு முன்னால போன கப்பல் அடிபட்டு எரிஞ்சுது. அதிலிருந்த ரேடியோ ஆபீசர் கடைசி வரைக்கும் காப்பாத்துங்கோன்னு அனுப்பிண்டே இருந்ததை உங்க அப்பாதான் காதால கேட்டவர். எங்க கப்பல்ல முப்பது பேர் இருந்தோம். ‘முப்பது வீட்டுக்கு இந்த மாதிரித் தந்தி போகக் கூடாது சார்’னார். திரும்பிப் போய்க் காதுல ஹெட்போனை மாட்டிண்டு உக்காந்துட்டார். ஒன்பது நாள் கழிச்சு அந்தக் கடலைத் தாண்டினதும் முதல்ல அனுப்பினது உங்காத்துக்குத்தான்.”

அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மாமா அதையும் அப்பாவிடம் கேட்டிருக்கிறார். அப்பா சொன்னாராம்: “கேப்டன் தடுத்தார்னு சொன்னா அது பொய். நான்தான் மாட்டேன்னேன்னு சொன்னா, முப்பது பேரு பெருசு, உன் புள்ள பெருசில்லன்னு அவகிட்ட சொன்ன மாதிரி ஆயிடும். அதுக்கு அவ என்னைத் திட்டிக்கிட்டே இருக்கட்டும் சார்.”

உறவினர்களே, இதுதான் நடந்தது. இந்த மலர் எதற்காக என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். பழைய பேச்சை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பீர்கள். இதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

அப்பாவின் கடைசி நாட்களில் முகம் கோணாமல் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்ஸ் அம்மாக்களுக்கும், பெட்டியைத் தூக்கிய காட்டூர் அண்டை வீட்டுக்காரர்களுக்கும், ஜெபம் சொல்ல வந்த பங்கு மக்களுக்கும், தொண்ணூறு வயதில் லால்குடியிலிருந்து பஸ்ஸில் வந்து தம்பி முகத்தைப் பார்த்த அத்தைக்கும், பெயரே தெரியாத அந்தக் கேப்டனுக்கும், சொன்ன சொல்லைக் காத்த ஸ்ரீரங்கத்து மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பத்தாம் நாள் வந்த தந்தியில் என்ன எழுதியிருந்தது என்று மாமாவிடம் கேட்டேன். அடுத்தவர் செய்தி, தனக்குத் தெரியாது என்றார். அம்மா எரித்துவிட்டார். அனுப்பியவர் பதினோரு வருடம் என் வீட்டில், அடுத்த அறையில் இருந்தார். ஏன் அனுப்பவில்லை என்று அவரைத் திட்டுவதற்காக எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். தெரிந்துகொள்வதற்காக ஒருநாளும் கேட்டதில்லை.

இப்படிக்கு,
அப்பாவின் மகள்
காட்டூர், திருச்சி