சன்னல் சின்னத்தில் மாமா

மாமாவுக்கு மூளை குழம்பிவிட்டது என்று கேள்விப்பட்டேன். நேரடியாக அல்ல. என் மனைவியோடு இங்கே வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஊர்க்காரப் பெண் ஒருத்தி, அவளுடைய அக்கா சொன்னதாகச் சொன்னது.

"உங்க வீட்டுக்காரரோட மாமா, யாரும் கூப்பிடாமலே எலெக்‌ஷன்ல நிக்கிறாராமே? பாவம், என்னமோ ஆயிடுச்சாம்."

யாரும் கூப்பிடாமல் என்பதுதான் அதில் புதிது. மற்றபடி மாமா தேர்தலில் நிற்பது ஒரு சேதியே இல்லை. எங்கள் பாராளுமன்றத் தொகுதியின் வரலாற்றை யாராவது எழுதினால், அதில் மாமா மூன்று இடத்தில் வருவார். அடிக்குறிப்பில்தான் வருவார், ஆனால் வருவார்.

அவருக்குச் சொந்தமாக ஒரு மோட்டார் வைண்டிங் கடை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செப்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுக் கம்பி சுற்றிக் கட்டித் தருவார். கடைக்குள் எப்போதும் வார்னிஷ் வாசம். கூரை ஓட்டை வழியாக விழும் வெயிலில் செப்புத் தூள் மிதந்துகொண்டிருக்கும். நான் பள்ளிவிட்டு வந்து அங்கே உட்கார்ந்து தூங்கிவிடுவேன். இப்போதும் என் கனவுகளுக்கு அந்த வெளிச்சம்தான். ஊரில் அவரைக் 'காயில்' என்பார்கள். மரியாதைக்காரர்கள் 'காயில்காரர்' என்பார்கள். பெயர் சொல்லி அழைக்க ஆள் இல்லை.

பெயரைத் தேடி முதலில் வந்தவர்கள் எதிர்க்கட்சிக்காரர்கள். எங்கள் தொகுதியில் முந்தைய தேர்தலில் தலைவர் ஒருவர் வாக்குகளை வாரிக்கொண்டு போயிருந்தார். மாமாவின் பெயர், இனிஷியல் எல்லாம் அச்சாக அந்தத் தலைவருடையதே.

"அண்ணே, நீங்க ஒண்ணும் பேச வேணாம். பேரைக் குடுத்துட்டு சும்மா நில்லுங்க, போதும்."

மாமா நின்றார். சுயேச்சைக்குக் கிடைத்த சின்னம் சன்னல். அப்போது வாக்குச்சீட்டில் படம் கிடையாது, பெயரும் சின்னமும்தான். தலைவருக்குக் குத்த வந்தவர்கள் பெயரைப் பார்த்துச் சன்னலில் குத்திவிட்டுத் திருப்தியாக வீட்டுக்குப் போனார்கள். தலைவர் மூவாயிரத்துச் சொச்சத்தில் தோற்றார். சன்னலுக்கு விழுந்தது ஒன்பதாயிரம்.

அடுத்த முறை தலைவரும் சும்மா இருக்கவில்லை. எதிராளியின் பெயரில் ஒரு பேக்கரிக்காரரைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினார். வாக்குச்சீட்டில் எல்லாரும் இரட்டை இரட்டையாக நின்றார்கள். யார் யாருக்குப் போட்டார்கள் என்று கடவுளுக்கே குழப்பம். தலைவர் தத்தித் தடுமாறிக் கரையேறினார். அதற்கும் அடுத்த தேர்தலில் படம் போட ஆரம்பித்தார்கள். தலைவர் சுலபமாக ஜெயித்தார். சன்னல் எண்ணூறுக்கு இறங்கிவிட்டது.

ஆனால் மாமா குதித்தது அந்த எண்ணூறுக்குத்தான்.

"மாப்ளே, மூஞ்சியைப் பார்த்துட்டும் போட்டிருக்காங்கடா! தெரிஞ்சே போட்டது!"

அதற்குப் பிறகு அவருக்கு ஒரு கனவு வர ஆரம்பித்தது. கடை வாசல் வழியாக வரிசையாக ஆட்கள் போகிறார்கள். யாரும் பேசுவதில்லை. ஒவ்வொருவராக உள்ளே எட்டிப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு நகர்கிறார்கள். யாரையும் அவருக்குத் தெரியாது. அவர்களுக்கு மட்டும் அவரைத் தெரிகிறது. ஃபோனில் இதை அவர் சொல்லும்போது, அடுத்த நாள் என் ரயில் பெட்டியிலேயே அவர்கள் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும்.

போன வருடம் தலைவர் அரசியலிலிருந்து ஓய்வு பெற்றார். வீட்டுத் தண்ணீர் மோட்டார் எரிந்துபோக, அதை எடுத்துக்கொண்டு அவரே காரில் மாமா கடைக்கு வந்துவிட்டார். அத்தை அப்போது கடையில் இருந்தாள். நடந்ததை ஃபோனில் எனக்குக் குரல் மாற்றி நடித்தே காட்டினாள்.

"நீங்கதானா நான்?" என்றாராம் தலைவர்.

"ஆமாங்க. நீங்க நானுங்க."

இருவரும் சிரித்திருக்கிறார்கள். மாமா நாற்காலியைத் துடைத்துப் போட்டிருக்கிறார்.

"ஒரு தடவை என்னைக் கவுத்துட்டீரேய்யா."

"படம் போட்டப்புறமும் எண்ணூறு பேர் எனக்குப் போட்டாங்களே, ஐயா. அது?"

"அது கண்ணாடியை வீட்ல வெச்சுட்டு வந்தவங்க. உமக்குன்னு ஒருத்தன் போடலய்யா. அம்புட்டும் என் ஓட்டு."

வன்மமாகச் சொல்லவில்லை, வெயில் அதிகம் என்பதுபோல் சொன்னார் என்றாள் அத்தை. மோட்டார் நன்றாக ஓடியது. மாமாவுக்குத்தான் பேச்சு நின்றுபோனது. கனவும் நின்றுவிட்டதாம். கடைக்கு முன்னால் யாரும் போவதில்லை.

இந்தத் தேர்தலில் தலைவர் இல்லை. அந்தப் பெயரில் மாமா மட்டும்தான். எந்தக் கட்சிக்கும் அவரால் லாபம் இல்லை, ஆகவே யாரும் கூப்பிடவும் இல்லை. அவராகவே போய் மனுத் தாக்கல் செய்து, சின்னத்துக்கு மறுபடியும் சன்னலையே கேட்டு எழுதிக்கொடுத்திருக்கிறார். இனி விழுகிற ஓட்டு ஒன்றானாலும் அது அவருடையது. அந்த ஒன்று இருக்கிறதா என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

இதெல்லாம் சற்று முன் அத்தை அழைத்துச் சொன்னது. இங்கே விடிந்தும் விடியாத நேரம். ஊரிலிருந்து அழைப்பு வந்தாலே, எடுக்கும் முன்பே யாருக்கு என்னவோ என்று பாதி அழுது முடித்திருப்பேன்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல தம்பி, பதறாத. இன்னைக்கு மூணு மணியோட வாபஸ் வாங்குற நேரம் முடியுது. வாபஸ் பேப்பர்ல கையெழுத்து வாங்கி சட்டைப் பைல நான்தான் திணிச்சு அனுப்பினேன். குடுப்பாரா மாட்டாரான்னு தெரியல. நீ ஒரு வார்த்தை சொல்லு. நீ சொன்னா கேப்பாரு."

"நிக்கட்டுமே அத்தை. என்ன கெட்டுப்போச்சு?"

"என்ன கெட்டுப்போச்சா? மொதத் தடவை இந்த மனுஷன் பூத்துக்குள்ள போய், மேல இருந்த பேரைப் பார்த்துப் பூரிச்சுப்போய் தலைவருக்கே குத்திட்டு வந்தாரு. தெரியுமா உனக்கு? அவர் ஓட்டே அவருக்கு இல்ல. நான் ஒருத்திதான் சரியாக் குத்தினேன். மூணு தடவையும். இப்ப எண்ணி முடிச்சு என் ஓட்டையும் அவர் ஓட்டையும் சேர்த்து ரெண்டுன்னு மைக்ல சொன்னா, அப்புறம் அந்தக் கடையை எப்படித் திறப்பாரு? இத்தனை நாளா அந்த எண்ணூறை வெச்சுத்தானே காலைல எழுந்திருச்சாரு!"

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். சமையலறைச் சன்னலில் பனி படிந்திருக்கிறது. எதிர்க் கட்டடத்து விளக்குகள் அதில் கரைந்து நிற்கின்றன. 'மாமா, கொடுத்துடுங்க' என்று இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். இங்கே அலுவலகத்தில் பேசும் மொழியில்கூடச் சொல்லிப் பார்த்தேன். அதில் சொன்னால் ஏதோ நியாயமாகவே இருந்தது.

எண்ணை அழுத்தினேன். அங்கே மூன்று ஆக இன்னும் கொஞ்ச நேரம்தான். தேர்தல் அலுவலகத்தின் நீளமான தாழ்வாரத்தில், ஓர் ஓரத்து நாற்காலியில் மாமா உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிகிறது. விரலிடுக்கில் வார்னிஷ் கறை. வேறு வேலையாக வந்தவர்கள் அவரைக் கடந்து போகிறார்கள். ஒவ்வொருவர் முகத்தையும் அவர் நிமிர்ந்து பார்க்கிறார். அவர்களில் யாராவது ஒருவர் தலையை அசைத்துவிட்டால் போதும் என்று நானும் இங்கிருந்து பார்க்கிறேன்.

மறுமுனையில் மணி போகிறது. ஃபோனை அவர் எப்போதும் சட்டைப் பையில்தான் வைத்திருப்பார். அந்தக் காகிதமும் அதே பையில்தான் இருக்கும். இரண்டும் சேர்ந்து அவர் நெஞ்சின் மேல் அதிர்ந்துகொண்டிருக்கும். எடுத்தால் அத்தை சொல்லச் சொன்னதைச் சொல்வேனா என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

எடுக்கவில்லை. மணி இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது.