வரைபடத்தில் விடுபட்ட கபர்

வாலிகண்டபுரத்துக்கு அப்பால் இருக்கும் அந்தப் பழைய பள்ளிவாசலை ஆறு நாள் அளந்தேன். பெரம்பலூரில் ஒரு ஆபீஸில் எனக்குக் கட்டடப் படம் வரைகிற வேலை. பள்ளிவாசலையும் அதை ஒட்டிய தர்காவையும் பழுதுபார்த்து, வளாகம் முழுக்கக் கருங்கல் தளம் போடப்போகிறார்கள். இருப்பதையெல்லாம் நான் அளந்து படத்தில் கொண்டுவர வேண்டும். படத்தில் இல்லாதது தளத்துக்கு அடியில் போய்விடும்.

அதற்கு ஏழு மாதம் முன்பு எங்கள் குழந்தை இறந்துபோனாள். பிறந்து பதினோரு நாள். மனைவியைத் தனியே விடக்கூடாது என்று நான் ஆஸ்பத்திரியிலேயே இருந்துகொண்டேன். அவள் தம்பிதான் உடையார்பாளையத்துக்கு எடுத்துப்போய், அவர்கள் முந்திரித் தோப்பில் எங்கோ புதைத்துவிட்டு வந்தான். எங்கே என்று நான் கேட்கவில்லை. அழவும் இல்லை. நாலாம் நாள் வேலைக்குப் போனேன். கல்லுளிமங்கன் என்று மாமியார் சொன்னது காதில் விழுந்தது. சரியாகத்தான் சொல்கிறார் என்று நினைத்தபடியே சாப்பிட்டு முடித்தேன்.

அளப்பதற்கு நல்ல கட்டடம். மதுரையில் சுல்தான்கள் இருந்த காலத்தது என்பார்கள் சிலர், நவாப் காலம் என்பார்கள் சிலர். கல்வெட்டின் மேல் ஒவ்வொரு சந்தனக்கூடு விழாவுக்கும் அடித்த சுண்ணாம்பு ஒரு விரல் கனத்துக்கு ஏறிக் கிடக்கிறது. யார் சொல்வதையும் மறுக்க வழியில்லை. தூண்கள் நம் கோயில் மண்டபத் தூண்களேதான். அதே சதுரம், அதே எண்பட்டை, மேலே அதே வாழைப்பூப் போதிகை. யாளி இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் கொடியும் தாமரையும் செதுக்கி வைத்திருக்கிறான் சிற்பி. பின்சுவரில் தொழுகைத் திசையைக் காட்டும் மிஹ்ராப் மாடம். அந்தச் சுவர் நேர் மேற்காக இல்லாமல் கொஞ்சம் வடக்கே திரும்பியிருக்கிறது. கட்டினவனுக்குக் கண் கோணல் போல என்று முதல் நாள் நினைத்தேன். மக்காவைப் பார்த்து நிற்கிறது என்பது மறுநாள்தான் மண்டையில் ஏறியது.

கபர் என்கிற சமாதிகளும் அந்தக் கணக்கில்தான். தலை வடக்கே, முகம் மேற்கே. வடக்கே தலை வைக்காதே என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். பதினாறு கபர்களையும் டேப் வைத்து எழுதிக்கொண்டேன். வேப்பமரத்தடியில் பதினேழாவது. ரெண்டு அடிகூட இருக்காது. டேப்பை இழுத்தேன், அதன் மேல் வைக்கக் கை போகவில்லை. சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

முடித்த படத்தைக் காட்டப் போனேன். அங்கே பாங்கு சொல்லும் மோதினாருக்கு என் வயதுதான். வெயிலில் விரித்துப் பார்த்தவர், வேப்பமரத்தின் மேல் விரலை வைத்தார்.

“இங்க ஒண்ணு வுட்டுப்போச்சு சார்.”

“கவனிக்கல பாய்” என்றேன். பச்சைப் பொய். “யாரோட புள்ள அது?”

“தெரியாதுங்க. கட்டுனவரு மகன்னு சொல்றாங்க, வந்து தங்குன குதிர யாவாரி புள்ளன்னும் சொல்றாங்க. பேரு தெரியல. இங்க இருக்குன்னு தெரியும்ல, வெள்ளிக்கிழமையானா தண்ணி தெளிக்கிறேன். அளந்துடுங்க சார். இல்லன்னா கல்லப் போட்டு மூடிடுவாங்க.”

டேப்பின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார். ஓரடி பத்தங்குலம். அதை எழுதுவதற்குள் இரண்டு முறை மறந்து, இரண்டு முறை அவரையே கேட்டேன்.

ரோட்டுக்கு வந்து, பஸ் நிற்கும் இடத்திலிருந்து மனைவியின் தம்பிக்குப் போன் போட்டேன்.

“பாப்பாவ எந்த எடத்துலப்பா வச்ச?”

“கெணத்து மேட்டுக்குக் கெழக்கால மாமா, ரெண்டாவது மரத்தடி. ஒரு கல்லு நட்டு வச்சிருக்கேன். அக்காவக் கேட்டாலே சொல்லியிருக்குமே. மாசாமாசம் வந்து ஒக்காந்துட்டுத்தான போவுது.”

“எங்கிட்ட சொல்லவே இல்லையேப்பா.”

“நீங்க ஒரு நாளும் கேக்கலன்னு சொல்லுச்சு மாமா.”

பெரம்பலூர் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறச் சொன்னார். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று கையை மட்டும் ஆட்டி அனுப்பினேன்.